படுத்துக்கொண்டே பூத்த கொல்லை

புயல் ஓய்ந்து, ரோட்டில் குறுக்கே கிடந்த மரங்களையெல்லாம் வெட்டி வழி விட்ட பிறகுதான் எங்கள் முந்திரிக்கொல்லைக்குப் போக முடிந்தது. அன்றைக்கு அங்கிருந்து ரயில் தெரிந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கொல்லைக்குள் நின்று ரயிலின் சத்தத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். இப்போது செம்மண்ணுக்கு அந்தப் பக்கம், ஜன்னல் ஜன்னலாக, அது மெதுவாக நகர்ந்து போனது. நடுவில் மறைக்க ஒன்றுமே இல்லை. எங்கள் மரங்கள் எல்லாம் மேற்கே தலை வைத்துப் படுத்திருந்தன.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், பார்க்க அழகாக இருந்தது. இலையெல்லாம் பச்சையாகவே இருந்தன. விழுந்துவிட்டோம் என்கிற சேதி இலை வரைக்கும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. மழை கழுவிவிட்ட வெளிச்சம். ஈர மண் வாசனை. ஒரு குருவிச் சத்தம் கிடையாது. ஆள் தூங்குகிற வீட்டுக்குள் நடக்கிற மாதிரி நான் சத்தம் வராமல் நடந்தேன். என் வீட்டுக்காரர் ஓர் அடிமரத்தின் மேல் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். நான் கையைப் பிடித்து எழுப்பித்தான் கூட்டி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் விருத்தாசலத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு இங்கே ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை. அவருக்குக் கொல்லைதான் எல்லாம். விடிந்ததும் பழைய டிவிஎஸ்ஸை உதைத்துக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். வந்ததும் சண்டை ஆரம்பிக்கும். குழம்பில் உப்பு, தண்ணி மோட்டாரை யார் நிறுத்துவது, என் தம்பி வந்தால் ஏன் மீன் வாங்குகிறேன், அவர் அண்ணன் வந்தால் ஏன் வாங்குவதில்லை, இப்படி எது கிடைத்தாலும் போதும். அவருக்கு மைக் செட்டுத் தொண்டை. எனக்கும் ஒன்றும் குறைச்சல் இல்லை. எங்கள் வீட்டில் ரெண்டு நாள் சத்தம் வரவில்லையென்றால் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஏக்கா, யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்பாள். நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். அதை வெளியாட்களுக்கு விளக்குவதுதான் கஷ்டம்.

அந்த மனுஷன் வாயை மூடிவிட்டார். சாப்பாடு வைத்தால் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்துவார். வேண்டுமென்றே ஒருநாள் குழம்பில் உப்பே போடாமல் வைத்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிற எங்கள் மகள், ஊரில் டவர் வந்ததும் போன் போட்டு, "அப்பாகிட்ட குடும்மா" என்றாள். போனை அவர் காதில் வைத்தேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

எனக்கோ வேலைக்குப் போகாமல் முடியாது. கம்பெனியில் கூரைச் சீட்டெல்லாம் பறந்து, மழை உள்ளே இறங்கியிருந்தது. சூளைக்குப் போகாமல் பலகையில் அடுக்கி வைத்திருந்த பொம்மைகள், ஊறுகாய் ஜாடிகள், அகல் விளக்குகள் எல்லாம் ஊறிக் கரைந்து கிடந்தன. ஒரு பொம்மைக்கு மூக்கு வழிந்து வாயோடு சேர்ந்திருந்தது. இன்னொன்று இடுப்பு வரைக்கும் சேறு, மேலே சிரித்த முகம். முதலாளி கால் வைக்க இடம் தேடிக்கொண்டே வந்து பார்த்தார். "போவுது வுடும்மா, மண்ணு எங்கயும் போவல. அள்ளிக் கரைச்சி மறுபடி அச்சுல ஊத்திக்கலாம்" என்றார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பாவம், அவர் தன் கஷ்டத்தைச் சொன்னார். எங்கள் கொல்லையை அள்ளிக் கரைத்து மறுபடி ஊற்ற முடியாதே என்று நான் பொம்மை துடைக்கிற ஸ்பாஞ்சைத் தூக்கித் தொட்டியில் விட்டெறிந்தேன்.

அந்த மாதம் முழுக்க நடந்ததை நினைத்தால் இப்போதும் கனவா நிஜமா என்று இருக்கிறது. கரண்டு இல்லை. காலைப் பனி ஒன்பது மணி வரைக்கும் தெருவில் நிற்கும். ஜெனரேட்டர் வைத்த கடை வாசலில் ஊரே செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பேசாமல் நிற்கும். கொல்லை கொல்லையாக அறுத்த முந்திரிக்கட்டை லாரியில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. டீக்கடை, பேக்கரி, சூளை எங்கே பார்த்தாலும் முந்திரி விறகு. விலைக்குப் போகாமல் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். எங்கள் கம்பெனி வாசலில் அது மலையாகக் குவிந்தது. பச்சை மரம் எரிகிற புகை சாம்பல் நிறமாக ஊர் மேல் படுத்திருக்கும். சோற்றில் அந்த வாசனை, தலையணையில் அந்த வாசனை. சூளைக்குள் இருந்த வெள்ளை ஜாடியெல்லாம் புகை ஏறி டீ நிறத்தில் வெளியே வந்தன. நான் வாசலைத் தாண்டும்போது கட்டைகளைப் பார்க்காமல் மறுபக்கம் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

புதிதாக நிறையப் பெண்கள் வேலை கேட்டு வந்தார்கள். எல்லாம் கொட்டை உடைத்துப் பிழைத்தவர்கள். முந்திரிக்கொட்டைத் தோலில் ஓர் எண்ணெய் உண்டு. பட்ட இடம் வெந்துபோகும். வருஷக்கணக்காக அதில் ஊறி அவர்கள் விரலெல்லாம் கறுத்திருந்தன. அந்தக் கறுத்த விரல்களை வெள்ளைக் களிமண்ணுக்குள் விட்டு எடுப்பார்கள். முழங்கை வரைக்கும் வெள்ளை ஏறிவிடும். வேலை முடிந்து கழுவினால் திரும்பக் கறுப்பு தெரியும். மாதம் போகப் போக அந்தக் கறையும் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒருத்தி கழுவின கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையி சுத்தமாயிடுச்சிக்கா" என்று சொல்லிக் குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் வீட்டு ஆண்கள் எல்லாரும் திருப்பூருக்கு வேன் ஏறிவிட்டார்கள்.

என் பக்கத்துப் பலகையில் வேலை பார்க்கிறவளின் புருஷன் துபாயில் இருக்கிறார். அவளிடம்தான் நான் எல்லாவற்றையும் கொட்டுவேன். "ஊமையாட்டம் படுத்துக் கெடக்கறாரு. நானும் கத்திக் கத்திப் பாத்துட்டேன். நாலு வார்த்த திட்டினாக்கூடப் போதும் எனக்கு" என்று சொன்னால் அவள் சிரிப்பாள். "எங்கூட்டு ஆளு போன்லயே அந்த மாதிரி திட்றாரு. வேணும்னா நம்பர் தரேன், ஒங்களையும் ரெண்டு வார்த்த திட்டச் சொல்லவா?" என்பாள். நானும் சிரித்துவிடுவேன். ஆனால் பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டார் என்ற சேதி வந்த அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் என்னைப் பிடித்து, "அக்கா, வூட்ல மருந்து டப்பா இருக்குதா?" என்று கேட்டாள். இருந்தது. மத்தியானமே போய் எடுத்து வந்து முதலாளியின் அறையில் பூட்டி வைக்கச் சொன்னேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. வாங்கிப் பூட்டிவிட்டுச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் என் தம்பி டிராக்டரோடு வந்தான். "அக்கா, வுழுந்த மரத்தத் தூக்கி நிறுத்தி, சுத்தி மண்ணு அணைச்சா புடிச்சிக்குமாம். எல்லாக் கொல்லையிலயும் பண்றாங்க. மாமா எழுந்திரிச்சி வரட்டும், நம்மளும் தூக்கிடலாம்" என்றான். உண்மைதான். யார் முதலில் ஆரம்பித்தார்களோ தெரியாது, சுற்றுவட்டாரம் பூராவும் ஒரே பேச்சாக இருந்தது. ஆள் விழுந்தால் தூக்கி உட்கார வைக்க மாட்டோமா, அந்த மாதிரிதான் எல்லாரும் நினைத்தோம். எனக்கு அந்தப் பேச்சே தேன் மாதிரி இருந்தது. அவர் தலைமாட்டில் போய் நின்று, "ஏங்க, மரத்தத் தூக்கப் போறோம். எழுந்திருங்க" என்றேன். சுவரைப் பார்த்தபடியே, "இழுக்காத" என்றார். புயலுக்குப் பிறகு மகளிடம் சொன்ன "ம்" தவிர அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு வார்த்தைதான். தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "ஒங்கள யாரு இழுத்தா? நீங்க படுத்தே கெடங்க. நாங்க பாத்துக்கறோம்" என்று கிளம்பிவிட்டேன்.

கொல்லையில் அது ஒரு திருவிழா மாதிரி நடந்தது. பாதிக் கிளைகளைக் கழித்து, வெட்டின இடத்தில் சாணி பூசி, அடிமரத்தில் சங்கிலி கட்டி டிராக்டரில் இழுத்தோம். சங்கிலி பட்டைத் தோலை உரிக்கக் கூடாது என்று என்னுடைய பழைய புடவைகளைக் கொண்டுபோய் உள்ளே சுற்றினேன். மரம் முனகிக்கொண்டே எழுந்திருக்கும். பாதி எழுந்ததும் உள்ளே எங்கேயோ பட்டென்று ஒரு சத்தம் வரும். அது நாங்கள் கைதட்டுகிற சத்தத்தில் அடங்கிப் போகும். சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, மண் அணைத்து, மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தோம். ஒரு வரிசை முடிந்திருக்கும், டிராக்டரை அடுத்த கொல்லைக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மிச்ச மரங்களை விழுந்தபடியே விட்டுவிட்டு வந்தோம்.

ராத்திரி வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் புடவை கட்டின மரம் ஒவ்வொன்றும் எப்படி நிற்கிறது என்று, எந்த நிறப் புடவை எந்த மரத்துக்கு என்றுகூடச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரா என்று குனிந்து பார்த்தேன். தூங்கவில்லை. இமைக்குள்ளே கண் அசைந்துகொண்டிருந்தது. கொல்லைக்குள்ளே நடக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

பொங்கல் கழிந்தது. நாங்கள் நிறுத்தின மரங்கள் இலையைக் கொட்ட ஆரம்பித்தன. முதலில் நுனி சுருண்டது. பிறகு ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு கூடை இலை உதிர்ந்தது. தம்பி தண்ணீர் லாரி கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தான். யார் யாரோ வந்து உரம் சொன்னார்கள். எல்லாக் கொல்லையிலும் இதே கதைதான். தை முடிவதற்குள் எங்கள் வரிசை பட்டுப்போய், புடவை கட்டின கம்பங்களாக நின்றது. அவரிடம் நான் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? படுத்திருக்கிற மிச்ச மரங்கள் எப்போதோ செத்திருக்கும் என்று நினைத்து அந்தப் பக்கம் போகவே இல்லை. அவர் அண்ணன் வந்து, நிலத்தைக் காலி பண்ணிவிட்டால் மனைக்கட்டு போடுகிறவன் விலைக்குக் கேட்கிறான் என்றார். நான் மரம் அறுக்கிற மெஷின்காரனுக்குச் சொல்லி அனுப்பினேன். திங்கள்கிழமை வருகிறேன் என்றான்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, எல்லைக் கல்லை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று தனியாகப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வண்டிப்பாதையில் நடக்கும்போதே ஒரு வாசனை. மாசி மாதத்தில் முந்திரி பூக்கிற வாசனை எங்கள் பக்கத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் மூக்கு சொன்னதை மனசு வாங்கவில்லை. ஏதோ பழைய ஞாபகம் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். கொல்லைக்குள் வந்து பார்த்தால், படுத்திருந்த மரங்கள் பூத்திருந்தன.

எப்படிச் சொல்வது! எப்போதும் தலைக்கு மேலே, அண்ணாந்து பார்த்த பூ. இப்போது என் முழங்கால் உயரத்தில், தரையோடு தரையாக, கொல்லை முழுக்கக் கொத்துக் கொத்தாக விரிந்திருந்தது. வெளிர் மஞ்சளும் ரோஸுமாக அந்தச் சின்னஞ்சிறு பூ. தேனீக்கள் என் கணுக்காலைச் சுற்றிப் பறந்தன. எழுந்து நிற்க வேண்டும் என்ற கவலையே அந்த மரங்களுக்கு இல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூவுக்கு நடுவே உட்கார்ந்தேன். வெயில் மெல்ல நகர்ந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. தூரத்தில் வரிசையாக நின்ற பட்ட மரங்களில் என் புடவைத் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. எனக்கு அழுகையும் வந்தது, பசியும் வந்தது.

வீட்டுக்கு ஓடி வந்து, "கொல்லை பூத்திருக்குதுங்க" என்றேன். திரும்பிப் பார்த்தார். பொய் சொல்கிறாள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. சத்தியம் செய்தேன், துணியில் ஒட்டியிருந்த பூவைக் காட்டினேன். பூவை விரலில் வைத்து உருட்டினார், கீழே வைத்துவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் கத்தவில்லை. "நாளைக்கு மெஷின்காரன் வரான். எல்ல காட்டறதுக்கு ஆளு வேணும். ஒங்க அண்ணன வரச் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். அண்ணனுக்கும் இவருக்கும் அந்த எல்லைக் கல்லில்தான் தீராத தகராறு. இவர் எழுந்து உட்கார்ந்து, சட்டை எங்கே என்று தேடினார்.

மறுநாள் காலையில் ரெண்டு பேரும் பஸ்ஸில் போனோம். தாடியும் குழிந்த கண்ணுமாக ஜன்னலோரம் அவர். வெளியே கொல்லை கொல்லையாக வெறும் செம்மண். வழியெல்லாம் நான் வேண்டிக்கொண்டே போனேன். பூவைப் பார்த்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இந்த மனுஷன் பேசிவிட வேண்டும். இதற்கும் பேசவில்லையென்றால் இனி எதைக் காட்டுவது? என் கையில் வேறு ஒன்றும் இல்லை.

கொல்லைக்கு வந்தோம். மெஷின்காரன் இன்னும் வரவில்லை. பூவைத் தாண்டி அவர் நேராக நடந்தார். அவர் பூவைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. நான் நிறுத்தி வைத்த பட்ட மரங்களிடம் போய் நின்றார். ஒரு மரத்தில் கட்டியிருந்த புடவைத் துணியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு குத்த வைத்து உட்கார்ந்து, அடியில் அணைத்திருந்த மண்ணைக் கையாலேயே பறிக்க ஆரம்பித்தார். நாய் பறிக்கிற மாதிரி பறித்தார். நகக்கண்ணில் மண் ஏறியது. நான் பயந்துபோய்ப் பக்கத்தில் நின்றேன். மேற்குப் பக்கத்தில் முழங்கை ஆழத்தில் ஒரு வேர் வந்தது. கை தடிமன் இருக்கும். நட்ட நடுவில் அறுந்து நாராகக் கிடந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கண்ணு தெரியுதா ஒனக்கு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டார். "இந்தப் பக்கத்து வேரு மண்ணுலதான்டி இருந்துது! கெழக்கால வேருதான் பேந்துது, மேக்கால வேரு உசுரோட இருந்துது! படுத்துக்கினே பொழச்சிருக்கும்டி! நீயும் ஒன் தம்பியும் சேந்து புடிச்சி இழுத்து அறுத்துட்டீங்க! சொன்னேன் இல்ல, இழுக்காதன்னு சொன்னேனா இல்லியா? எவன் பேச்சையாவது கேக்கறியா நீ? டிராக்டரு கண்டுட்டான் பெரிய டிராக்டரு! அதுல பொடவ வேற கட்டி வுட்ருக்கா! பொங்கலுக்கு எடுத்துக் குடுத்த பொடவடி அது! அந்த மெஷின்காரன் இங்க காலு வச்சான்னா காலு இருக்காது, சொல்லிடு அவனுக்கு!"

தொண்டை கிழியக் கத்தினார். இத்தனை நாள் பேசாத குரல் நடுவில் உடைந்து உடைந்து வந்தது. வண்டிப்பாதையில் போன ஆட்கள் நின்று பார்த்தார்கள். என் வாயில் பதில் இருந்தது. பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்ததாம், எந்தக் காலத்துப் பொங்கல், கிழிந்து மூணு வருஷமாகிறது. நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, நான் சிரித்துக்கொண்டும் இருந்தேன். அவர் மூச்சு வாங்கி நிறுத்தினார்.

நான் அந்த மண் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"திட்டுங்க," என்றேன். "இன்னும் திட்டுங்க."